செக்யூர் பூட் ‘எனேபிள்ட்’ என்று வந்தால் போதுமா? ஷெல் ஸ்கிரிப்ட் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்

கேள்வி இது. வெள்ளவத்தையில் ஒரு சிறிய அலுவலகம். 40 உபுண்டு லாப்டொப்கள், அவற்றுள் சில விண்டோஸோடு டூயல் பூட். வெளியே வாடகைக்கு எடுத்த இரண்டு வீபிஎஸ் (மெய்நிகர்) சேர்வர்கள். செக்யூர் பூட்டையும் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பாதுகாப்பு அமைப்புகளையும் பார்க்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியாயிற்று, அது எல்லா லாப்டொப்புக்கும் பச்சை காட்டுகிறது. ஆனால் மூன்று மெஷின்களில் கையொப்பமே இல்லாத வேர்ச்சுவல்பொக்ஸ் (மெஷினுக்குள் இன்னொரு மெஷினை ஓட்டும் மென்பொருள்) மொடியூல், அதாவது கெர்னலோடு சேரும் துண்டு, தாராளமாக ஏறுகிறது. மற்றவற்றில் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சேர்விஸ்’ என்று விழுகிறது. ஒரே ஸ்கிரிப்ட், ஒரே பச்சை, இரண்டு விதமான நடத்தை. எப்படி?

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழிலேயே எழுதுகிறேன். திரையில் தட்டும்போது வழமையான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

அந்த மூன்றிலும் ஃபேர்ம்வேர் (தாய்ப்பலகையில் பதிந்த மென்பொருள்) மட்டத்தில் செக்யூர் பூட் இயங்குகிறதுதான். ஷிம் என்ற இடைப்பட்ட பூட்லோடர்தான் சரிபார்ப்பதை நிறுத்தியிருக்கிறது. வேர்ச்சுவல்பொக்ஸ் ஓடவேண்டும் என்பதற்காக யாரோ ஷிம்மின் அமைப்புகளைக் கையாளும் மொக்யூட்டில் கட்டளைக்கு ‘--டிசேபிள்-வலிடேஷன்’ கொடுத்து, மறுதொடக்கத்தில் வந்த நீலத் திரையில் சம்மதமும் சொல்லியிருப்பார். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பலவும் இதைத்தான் சொல்லித் தருகின்றன. உறுதிப்படுத்த அந்த மெஷினில் ‘மொக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்’ ஓட்டிப் பாருங்கள். முதல் வரியில் ‘செக்யூர்பூட் எனேபிள்ட்’ என்று வரும். அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: ‘செக்யூர்பூட் வலிடேஷன் இஸ் டிசேபிள்ட் இன் ஷிம்’. உங்கள் ஸ்கிரிப்ட் கிரெப் போட்டு ‘எனேபிள்ட்’ என்ற சொல்லைத் தேடுகிறது, அது முதல் வரியிலேயே அகப்பட்டுவிடுகிறது. இரண்டாம் வரியை யாரும் வாசிக்கவில்லை.

திருத்துவது கடினமில்லை. ‘மொக்யூட்டில் --எனேபிள்-வலிடேஷன்’ கொடுத்தால் 8 முதல் 16 எழுத்து வரை ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் மொக் மெனேஜர் என்ற அந்த நீலத் திரை 10 விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தாவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல பூட் ஆகிவிடும். உள்ளே போனால் முழுக் கடவுச்சொல்லையும் கேட்காமல் ‘இத்தனையாவது எழுத்து என்ன’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எனவே கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதி எழுத்துகளுக்கு எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தூர இருந்து எஸ்எஸ்எச் வழியாக இதை முடிக்க முடியாது, மெஷின் முன்னால் ஓர் ஆள் இருக்கவேண்டும். அந்த வடிவமைப்பு வேண்டுமென்றே செய்யப்பட்டது.

இனி ஸ்கிரிப்ட். செக்யூர் பூட் என்பது ஒரே ஒரு சுவிட்ச் இல்லை என்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. ஃபேர்ம்வேர் ஷிம்மைச் சரிபார்க்கிறது, ஷிம் கிரப் என்ற அடுத்த பூட்லோடரைச் சரிபார்க்கிறது, கிரப் ஷிம்மின் உதவியோடு கெர்னலைச் சரிபார்க்கிறது, கெர்னல் மொடியூல்களைச் சரிபார்க்கிறது. நடுவில் எந்த இடத்தில் கை விட்டாலும் அதற்குப் பிறகு வரும் எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆகவே முதல் கண்ணியிடம் மட்டும் கேட்டுவிட்டுப் பச்சை போடக்கூடாது. கடைசிக் கண்ணியிடமும், அதாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிடமும் கேட்கவேண்டும்.

ஃபேர்ம்வேர் கேள்வியை மொக்யூட்டில் இல்லாமலே கேட்கலாம். /சிஸ்/ஃபேர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மெஷின் பழைய பயோஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது, செக்யூர் பூட் என்ற கேள்வியே அங்கு எழாது. இருந்தால் அதற்குள் இஎஃப்ஐவார்ஸ் அடைவில் ‘செக்யூர்பூட்-’ என்று தொடங்கி நீளமான அடையாளக் குறியீட்டோடு முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அதில் மொத்தம் 5 பைட். முதல் 4 பைட் அந்த மாறியின் பண்புகள், ஐந்தாவதுதான் மதிப்பு: 1 என்றால் இயங்குகிறது, 0 என்றால் இல்லை. ‘ஓடி’ கட்டளையால் எண்களாக வாசித்தால் பெரும்பாலும் 6 0 0 0 1 என்று தெரியும்.

இதை ‘கெட்’ (சிஏடி) கட்டளை போட்டு ஒரு மாறிக்குள் வாங்க முயலாதீர்கள். பாஷ் வெறுமைப் பைட்களை விழுங்கிவிட்டு ‘இக்னோர்ட் நல் பைட்’ என்று எச்சரிக்கும், மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகள். ‘ஓடி’க்கு முகவரிப் பத்தியை நிறுத்தும் தெரிவு, எண் வடிவத் தெரிவு, 4 பைட் தாண்டச் சொல்லும் தெரிவு, 1 பைட் மட்டும் வாசிக்கச் சொல்லும் தெரிவு ஆகிய நான்கையும் கொடுத்து, வரும் இடைவெளிகளை ‘டிஆர்’ கொண்டு அகற்றினால் சுத்தமான 0 அல்லது 1 கிடைக்கும்.

அதே அடைவில் ‘செட்டப்மோட்-’ கோப்பையும் அதே முறையில் வாசியுங்கள். அது 1 ஆக இருந்தால் மெஷினில் பிளாட்போர்ம் கீ (செக்யூர் பூட்டின் தலைமைக் கீ) ஏற்றப்படவில்லை என்று அர்த்தம். பயோஸ் திரையில் செக்யூர் பூட் என்ற தெரிவை இயக்கியிருந்தாலும் ஃபேர்ம்வேர் எதையும் தடுக்காது. மூன்றாவதாக ‘மொக்எஸ்பிஸ்டேட்ஆர்டி-’ கோப்பு. இது இல்லாமல் இருப்பதே வழமை. இருந்து, அதன் ஐந்தாவது பைட் 1 ஆகவும் இருந்தால் அதுதான் உங்கள் மூன்று மெஷின்களின் நோய். இந்த மூன்று கோப்புகளையும் வாசித்தால் மொக்யூட்டில் வெளியீட்டின் சொற்களைத் தேடும் வேலையே மிஞ்சாது.

கெர்னலிடம் கேட்கவேண்டியது /சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/லொக்டவுன் கோப்பில் இருக்கிறது. ஓடும் கெர்னலை ரூட் என்ற தலைமைப் பாவனையாளர்கூட மாற்றாதபடி தடுக்கும் லொக்டவுன் வசதி 2019இல் கெர்னல் 5.4 உடன் வந்தது. கோப்பை வாசித்தால் மூன்று சொற்கள் வரும்: நன், இன்டெக்ரிட்டி, கொன்ஃபிடென்ஷியாலிட்டி. இப்போது எது நடைமுறையில் இருக்கிறதோ அது மட்டும் சதுர அடைப்புக்குள் இருக்கும். இங்கே இரண்டு குழி. மூன்று சொற்களும் எப்போதும் அந்த வரியில் இருப்பதால் வெறுமனே ‘இன்டெக்ரிட்டி’ என்று தேடினால் எப்போதும் பச்சைதான். சரி, அடைப்போடு சேர்த்துத் தேடுவோம் என்றால், கிரெப்புக்குச் சதுர அடைப்பு என்பது ‘இந்த எழுத்துகளில் ஏதாவது ஒன்று’ என்ற விதி, அதுவும் எப்போதும் பொருந்தும்! கிரெப்புக்குப் பெரிய எஃப் தெரிவைக் கொடுத்து எழுத்துக்கு எழுத்து தேடச் சொல்லுங்கள்.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா கெர்னல்கள் செக்யூர் பூட் இயங்கும்போது தாமாகவே இன்டெக்ரிட்டி நிலைக்குப் போகும்படி ஒட்டுப் போடப்பட்டவை. மூலக் கெர்னலில் அந்த இணைப்பு இல்லை. ஆகவே யாராவது தானே தொகுத்த கெர்னலை ஓட்டினால் செக்யூர் பூட் 1 என்றும் லொக்டவுன் நன் என்றும் வரலாம். அதை ஸ்கிரிப்ட் சிவப்பாகத்தான் காட்டவேண்டும். உங்கள் மூன்று மெஷின்களிலும் ஷிம் சரிபார்க்காததால் கெர்னல் ‘செக்யூர் பூட் இல்லை’ என்றே முடிவெடுத்து லொக்டவுனை நன்னில் விட்டிருக்கும். எல்லாவற்றையும் விட்டு ஒரே ஒரு சோதனைதான் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

கொழும்புக்கு ஒரு பின்குறிப்பு. இன்டெக்ரிட்டி நிலையில் ஹைபர்னேஷன் (நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு அணைவது) வேலைசெய்யாது. 2022இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்த காலத்தில் லாப்டொப்பை ஹைபர்னேட் செய்து வைக்கப் பழகியவர்கள் ‘உபுண்டுவில் அது வரவில்லை’ என்று பார்த்து, செக்யூர் பூட்டையே அணைத்துவிடும் வாய்ப்பு அதிகம். அணைத்தவரைக் கண்டுபிடிப்பதோடு ஏன் அணைத்தார் என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் திரும்பவும் அணைந்திருக்கும்.

மொடியூல்கள் பக்கம் வருவோம். /சிஸ்/மொடியூல்/மொடியூல்/பராமீட்டர்ஸ்/சிக்_என்ஃபோர்ஸ் கோப்பில் ‘வை’ இருந்தால் கையொப்பம் கட்டாயம். ‘என்’ இருந்தாலும் லொக்டவுன் இன்டெக்ரிட்டியில் இருந்தால் கையொப்பமில்லாதது ஏறாது. எது தடுத்தது என்பதைப் பிழைச் செய்தியிலேயே கண்டுகொள்ளலாம். சிக்_என்ஃபோர்ஸ் தடுத்தால் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சேர்விஸ்’. லொக்டவுன் மட்டும் தடுத்தால் ‘ஒபரேஷன் நொட் பெர்மிட்டட்’ என்று வந்து, டிமெஸ்ஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) ‘லொக்டவுன்’ என்று தொடங்கும் வரி ஒன்று விழும்.

ஏற்கெனவே ஏறியிருப்பதைப் பார்க்க மொட்இன்ஃபோவை நம்பாதீர்கள். அது வட்டில் உள்ள கோப்பைப் பார்க்கிறதே தவிர நினைவகத்தில் உள்ளதை அல்ல. /ப்ரொக்/சிஸ்/கெர்னல்/டெய்ன்டட் எண்ணை (கெர்னலில் ‘கறை’ படிந்த காரணங்களைக் குறிக்கும் பிட்களின் கூட்டு) எடுத்து 8192 உடன் பிட்வாரியாக ‘அண்ட்’ செய்யுங்கள். பூச்சியம் இல்லை என்றால், கடைசியாக பூட் ஆனதிலிருந்து ஒருமுறையாவது கையொப்பமற்ற மொடியூல் ஒன்று ஏறியிருக்கிறது. பிறகு அதை இறக்கியிருந்தாலும் அந்தப் பிட் அழியாது, மறுதொடக்கம் வரை இருக்கும். 4096 பிட் வேறு. அது கெர்னல் மரத்துக்கு வெளியே தொகுத்த மொடியூல் என்று மட்டும் சொல்கிறது, கையொப்பமிட்ட வேர்ச்சுவல்பொக்ஸுக்கும் அது வரும். அதைச் சிவப்பாக்கினால் 40 மெஷினில் பாதி காரணமில்லாமல் சிவக்கும். எந்த மொடியூல் என்று அறிய /சிஸ்/மொடியூல் அடைவில் ஒவ்வொன்றின் டெய்ன்ட் கோப்பிலும் பெரிய ‘இ’ எழுத்து இருக்கிறதா என்று பார்க்கலாம்.

வேர்ச்சுவல்பொக்ஸ் தேவைப்படுவோருக்குச் சரியான வழி, மெஷினுக்கென்று ஒரு மொக் கீ (உரிமையாளரின் சொந்தக் கையொப்பக் கீ) உருவாக்கிப் பதிவது. உபுண்டுவில் அது /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மொக் அடைவில் இருக்கும், மொடியூல்களைத் தொகுக்கும் டிகேஎம்எஸ் தானே அதைக்கொண்டு கையொப்பமிடும். பதிவாகிவிட்டதா என்பதை ‘மொக்யூட்டில் --டெஸ்ட்-கீ’ சொல்லும். இதன் விலையும் தெரிந்திருக்கட்டும்: இரகசியக் கீ அதே வட்டில் கடவுச்சொல் இன்றி இருக்கிறது. ரூட் அதிகாரம் பிடித்த எவரும் தன் மொடியூலுக்குக் கையொப்பமிடலாம். உபுண்டு அந்தக் கீயை மொடியூல்களுக்கு மட்டும் என்று வரையறுத்து உருவாக்குவதால் பூட்லோடரை மாற்ற அது உதவாது, அந்தளவு ஆறுதல். கீக் கோப்பின் அனுமதி 600 ஆக இருக்கிறதா என்பதை ஸ்கிரிப்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டில் உள்ள கெர்னல் கோப்பின் கையொப்பத்தைப் பார்க்க எஸ்பிவெரிஃபை இருக்கிறது. ஒன்று மட்டும்: உபுண்டுவில் /பூட்டில் உள்ள விஎம்லினஸ் கோப்பின் அனுமதி 600. சாதாரணப் பாவனையாளராக ஓட்டினால் வாசிக்கவே முடியாது, ஸ்கிரிப்ட் அதைக் ‘கையொப்பம் இல்லை’ என்று எழுதிவிடும்.

இந்த இடத்தில்தான் ஸ்கிரிப்டின் அடிப்படை வடிவம் முடிவாகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் விடை இரண்டு அல்ல, நான்கு: சரி, பிழை, வாசிக்க முடியவில்லை, பொருந்தாது. பெரும்பாலான ஸ்கிரிப்ட்கள் பிழைச் செய்திகளை /டெவ்/நல்லுக்கு அனுப்பிவிட்டு, வெறுமையான விடையை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடுகின்றன. பச்சைப் பக்கம் தள்ளினால் ஏமாற்றம், சிவப்புப் பக்கம் தள்ளினால் நாலு நாளில் சிவப்பை யாரும் பார்ப்பதில்லை. நெட்.கோர்.பிபிஎஃப்_ஜிட்_ஹார்டன் போன்ற அமைப்புகளை ரூட் மட்டுமே வாசிக்கலாம். ரூட் இல்லாமல் ஓடிய ஸ்கிரிப்ட் அதைப் பற்றி எதுவும் சொல்ல உரிமையற்றது, ‘வாசிக்க முடியவில்லை’ என்பதே நேர்மையான விடை.

சிஸ்கன்ட்ரோல் அமைப்புகளை (ஓடும் கெர்னலின் மாற்றக்கூடிய மதிப்புகள்) கட்டளையால் கேட்காமல் /ப்ரொக்/சிஸ் கோப்புகளை நேரே வாசிப்பது நல்லது. நேரம் பார்த்து ஓட்டும் க்ரொன் தரும் கட்டளைத் தேடல் பாதையில் வழமையாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டும்தான் இருக்கும். எஸ்பின்னில் உள்ள கட்டளை கிடைக்காமல், கையால் ஓட்டும்போது சரியாக வந்த ஸ்கிரிப்ட் இரவில் வெறும் வெற்று வரிகளைத் தரும்.

மதிப்புகளை ஒப்பிடும்போது ‘எதிர்பார்த்தது = கிடைத்தது’ என்ற ஒரே விதி போதாது. ராண்டமைஸ்_விஏ_ஸ்பேஸ் 2 ஆக இருக்கவேண்டும், அது சமம். கெபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட் குறைந்தது 1. பெர்ஃப்_ஈவன்ட்_பரனொய்ட் மூலக் கெர்னலில் 2, உபுண்டு தன் ஒட்டால் 4 வைத்திருக்கிறது. 2க்குச் சமமா என்று கேட்டால் கடுமையான மெஷின்தான் தோற்கும். அன்பிரிவிலிஜ்ட்_பிபிஎஃப்_டிசேபிள்ட் 1 அல்லது 2: 1 போட்டால் மறுதொடக்கம் வரை மாற்றமுடியாது, 2 போட்டால் ரூட் திருப்பி மாற்றலாம். இரண்டுமே ஏற்கத்தக்கவை, எண் பெரிது என்பதற்காக 2 கூடுதல் பாதுகாப்பு ஆகிவிடாது. சிஸ்ஆர்கியூ பிட்களின் கூட்டு. உபுண்டு வழமையாகத் தரும் 176 என்பது 128, 32, 16 மூன்றின் கூட்டுத்தொகை, அதைப் பெரிது சிறிது என்று அளக்கமுடியாது. எனவே பட்டியல் கோப்பில் பெயர், விதி, மதிப்பு என்று மூன்று பத்தி வையுங்கள். விதி என்பது சமம், குறைந்தபட்சம், இவற்றில் ஒன்று, இந்தப் பிட்கள் இருக்கக்கூடாது ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் போதும்.

யாமா என்ற கெர்னல் பாதுகாப்புப் பகுதியின் பிட்ரேஸ்_ஸ்கோப்பில் (ஒரு செயலி இன்னொன்றின் உள்ளே பார்ப்பதைக் கட்டுப்படுத்துவது) ஆசைப்பட்டு 3 போடாதீர்கள். மறுதொடக்கம் வரை திரும்பாது, மென்பொருள் எழுதுபவர்களின் டீபகர் அன்றைக்கு முழுக்க ஓடாது. 1 போதும். மொடியூல்ஸ்_டிசேபிள்ட், கேஎக்ஸெக்_லோட்_டிசேபிள்ட் இரண்டும் அப்படியே ஒருவழிப் பாதைதான். முதலாவதை லாப்டொப்பில் இட்டால் பிறகு செருகும் யூஎஸ்பி சாதனத்துக்கான மொடியூல்கூட ஏறாது. சேர்வருக்கு மட்டும் யோசிக்கலாம்.

உபுண்டு 24.04இல் கவனிக்கவேண்டியது ஆப்ஆர்மர்_ரெஸ்ட்ரிக்ட்_அன்பிரிவிலிஜ்ட்_யூசர்என்எஸ். தொடக்கத்தில் 1. ஏதோ ஒரு ஆப்இமேஜ் செயலி திறக்கவில்லை என்று யாராவது 0 ஆக்கிவிட்டுப் போவது மிகச் சாதாரணம். அந்தச் செயலிக்கு மட்டும் ஒரு ஆப்ஆர்மர் புரொஃபைல் (அனுமதி விதிக் கோப்பு) எழுதுவதே முறை.

ஓடும் மதிப்பு சரியாக இருந்தாலும் நிலையான கோப்பில் இல்லாவிட்டால் அடுத்த பூட்டில் போய்விடும். மாறாக, கோப்பில் இருந்தும் ஓடும் மதிப்பு வேறாக இருந்தால் பின்னால் வந்த கோப்பு ஒன்று மேலெழுதியிருக்கிறது. /யூஎஸ்ஆர்/லிப், /ரன், /ஈடிசி மூன்றிலும் உள்ள சிஸ்கன்ட்ரோல்.டி கோப்புகள் எந்த அடைவு என்று பாராமல் பெயர் வரிசையில் ஒன்றாக அடுக்கப்படும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால்தான் /ஈடிசி வெல்லும். ஆகவே /ஈடிசியில் 10 என்று தொடங்கும் பெயரில் நீங்கள் எழுதியதை /யூஎஸ்ஆர்/லிப்பில் 50 என்று தொடங்குவது வெல்லும். சிஸ்டம்டி-சிஸ்கன்ட்ரோலுக்கு ‘--கெட்-கொன்ஃபிக்’ கொடுத்தால் இறுதி வரிசையை முழுதாகக் காட்டும். டொக்கர் ஓடும் மெஷினில் ஐபி_ஃபோவர்ட் எப்போதும் 1 ஆகத்தான் இருக்கும், அதை விதிவிலக்காக எழுதிவிடுங்கள்.

கெர்னலைத் தொகுத்தபோது (கொம்பைல் செய்தபோது) வைத்த அமைப்புகளுக்கு /பூட்/கொன்ஃபிக்- என்ற கோப்பை ‘யூநேம் -ஆர்’ தரும் பதிப்பெண்ணோடு சேர்த்துத் திறக்கவேண்டும். அடைவில் கடைசியாக உள்ள கோப்பை எடுத்தால், தானியங்கிப் புதுப்பிப்பு நேற்றிரவு இறக்கிய, இன்னும் ஓடத் தொடங்காத கெர்னலின் அமைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தேடும்போது வரித் தொடக்கத்தையும் ‘=வை’யையும் சேர்த்துத் தேடுங்கள். இல்லையென்றால் மொடியூல்_சிக் என்ற தேடல் மொடியூல்_சிக்_ஃபோர்ஸையும் பிடிக்கும், ‘இஸ் நொட் செட்’ என்று எழுதிய கருத்து வரியையும் பிடிக்கும். தொகுப்பில் இருப்பதை பூட் வரி முறியடிக்கலாம் என்பதால் /ப்ரொக்/சிஎம்டிலைனில் நோகேஏஎஸ்எல்ஆர் (கெர்னல் முகவரியைக் கலைப்பதை அணைப்பது), மிட்டிகேஷன்ஸ்=ஓஃப் (சிபியூ பலவீனத் தடுப்புகளை அணைப்பது) இரண்டையும் கட்டாயம் பாருங்கள். இரண்டாவது, விளையாட்டு வேகம் கூட்டும் குறிப்புகளிலிருந்து அலுவலக மெஷின்களுக்குள் வந்து சேரும் ஒன்று.

சிபியூ பலவீனங்களுக்கு /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியூ/வல்னரபிலிட்டீஸ் அடைவு இருக்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு வரி. ‘வல்னரபிள்’ என்ற சொல்லை எங்கு கண்டாலும் சிவப்பு போட்டால் ‘மிட்டிகேஷன்: க்ளியர் சிபியூ பஃபர்ஸ்; எஸ்எம்டி வல்னரபிள்’ என்ற வரி சிவக்கும். பாதுகாப்பு இடப்பட்டிருக்கிறது, ஹைப்பர்த்ரெடிங் இயங்குவதால் மிச்ச ஆபத்து உண்டு என்பது மட்டுமே அதன் பொருள். சரி, வரித் தொடக்கத்தை மட்டும் பார்ப்போம் என்றால் ஸ்பெக்டர்_வி2 வரி ‘மிட்டிகேஷன்’ என்று தொடங்கி உள்ளே ‘பிஎச்ஐ: வல்னரபிள்’ என்று வரும், அது உண்மையான ஓட்டை. நான் சொல்லும் வழி: அரைப்புள்ளியில் வரியைப் பிரித்து, ‘எஸ்எம்டி வல்னரபிள்’ என்ற துண்டை மட்டும் எச்சரிக்கையாக வைத்து, மற்றத் துண்டுகளில் ‘வல்னரபிள்’ வந்தால் பிழையாக எடுங்கள். ‘நோ மைக்ரோகோட்’ என்று வந்தால் லாப்டொப்பில் மைக்ரோகோட் (சிபியூவின் உள் மென்பொருள்) பொதியைப் போடலாம். வீபிஎஸ்ஸில் அது வழங்குநரின் வேலை, உங்களால் ஒன்றும் செய்யமுடியாது.

வீபிஎஸ் பற்றிச் சொல்லவேண்டியது அவ்வளவுதான். பல வழங்குநர்கள் பயோஸ் முறையிலேயே பூட் செய்கிறார்கள், அங்கே செக்யூர் பூட் ‘பொருந்தாது’. கொன்டெய்னருக்குள் ஓட்டினால் தெரிவது வெளி மெஷினின் கெர்னல் என்பதால், ‘சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் --கொன்டெய்னர்’ ஆம் என்றால் ஸ்கிரிப்ட் அத்தோடு நிற்கட்டும்.

எழுதும் முறையில் சில. ‘செட் -இ’ வேண்டாம். கிரெப் ஒன்றையும் காணாமல் 1 திருப்பினாலே ஸ்கிரிப்ட் பாதியில் செத்துவிடும், சோதனை ஸ்கிரிப்ட் தோல்விகளைத் தாண்டித் தொடரவேண்டியது. ‘செட் -யூ’ போதும். பைப்ஃபெயில் போட்டிருக்கும்போது பெரிய வெளியீட்டைக் ‘கிரெப் -கியூ’வுக்கு அனுப்பினால் இன்னொரு விசித்திரம். கிரெப் கண்டவுடனே மூடிக்கொள்ளும், எழுதிக்கொண்டிருந்த கட்டளை சிக்பைப் என்ற சமிக்ஞையில் விழும், மொத்த விடை 141 ஆகும், கண்டுபிடித்தும் ‘இல்லை’ என்று ஆகிவிடும். அதுவும் சிலவேளைகளில் மட்டும் நடக்கும், பிடிப்பது பெரும்பாடு. வெளியீட்டை முதலில் மாறியில் வாங்கிவிட்டுத் தேடுங்கள். முதல் வரியில் /பின்/எஸ்எச் என்று எழுதினால் உபுண்டுவில் ஓடுவது டாஷ், அதற்கு இரட்டைச் சதுர அடைப்பு தெரியாது. எல்சி_ஆல்=சி என்று தொடக்கத்திலேயே வையுங்கள், வேறு மொழியில் அமைத்த மெஷின்களில் வெளியீட்டுச் சொற்கள் மாறாமல் இருக்கும்.

40 மெஷினுக்கும் ஒரு பட்டியலை வரிவரியாக வாசித்து எஸ்எஸ்எச் போடும்போது ‘-என்’ தெரிவை மறந்தால் முதல் எஸ்எஸ்எச்சே மிச்சப் பட்டியலை விழுங்கி, ஒரே மெஷினோடு வேலை ‘வெற்றிகரமாக’ முடியும். பேட்ச்மோட், 5 விநாடி கனெக்ட்டைம்அவுட், ‘சூடோ -என்’ மூன்றும் இருந்தால் கடவுச்சொல் கேட்டு எங்கும் தொங்காது. அறிக்கையில் நேரத்தை யூடிசியில் எழுதுங்கள். வீபிஎஸ் யூடிசியிலும் லாப்டொப்கள் ஐந்தரை மணித்தியாலம் முன்னாலும் இருந்தால் வரிசை குழம்பும்.

ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, இப்போதே பார்க்கவேண்டியது கீகளை. ‘மொக்யூட்டில் --பிகே’ (பிளாட்போர்ம் கீ) வெளியீட்டில் ‘டூ நொட் ட்ரஸ்ட்’ அல்லது ‘டூ நொட் ஷிப்’ என்று வந்தால், உற்பத்தியாளர் சோதனைக் கீயையே மாற்றாமல் மெஷினை விற்றிருக்கிறார். 2024இல் பிகேஃபெயில் என்ற பெயரில் வெளிவந்த பிரச்சினை இதுதான். அந்த மெஷினுக்கு பயோஸ் புதுப்பிப்புத் தேடுங்கள், அதுவரை அதில் செக்யூர் பூட் பச்சைக்குப் பெறுமதி இல்லை. ‘மொக்யூட்டில் --டிபி’யில் (ஃபேர்ம்வேர் நம்பும் சான்றிதழ்களின் பட்டியல்) ‘யூஇஎஃப்ஐ சிஏ 2023’ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷிம்முக்குக் கையொப்பமிட்டுவந்த மைக்ரோசொஃப்டின் 2011 சான்றிதழுக்கு 2026 ஜூன் வரைதான் ஆயுள். ஃபேர்ம்வேர்கள் பொதுவாகக் காலாவதியைப் பார்ப்பதில்லை என்பதால் இப்போதுள்ள ஷிம் தொடர்ந்து பூட் ஆகும். புதிய சான்றிதழால் மட்டும் கையொப்பமிட்ட ஷிம் வரும்போதுதான் பழைய டிபி உள்ள மெஷின் நின்றுபோகும். ‘எஃப்டபிள்யூஅப்எம்ஜிஆர்’ மூலம் புதுப்பிக்கலாம். ஃபேர்ம்வேர் எழுதும்போது யூபிஎஸ் அல்லது நிறைந்த பற்றரி இல்லாமல் தொடங்காதீர்கள்.

டூயல் பூட் மெஷின்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 2024 ஓகஸ்டில் விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று எஸ்பாட் என்ற பழைய பூட்லோடர்களின் தடைப்பட்டியலை உயர்த்தியதும் பழைய ஷிம் வைத்திருந்த லினக்ஸ்கள் ‘எஸ்பாட் செல்ஃப்-செக் ஃபெயில்ட்’ என்று நின்றன. ‘மொக்யூட்டில் --லிஸ்ட்-எஸ்பாட்-ரெவொகேஷன்ஸ்’ வெளியீட்டை அறிக்கையில் சேர்த்து வைத்தால் யார் பின்தங்கியிருக்கிறார் என்று முன்கூட்டியே தெரியும். மற்றது, பிட்லொக்கர் வட்டுக் குறியாக்கம் போட்ட விண்டோஸ் உள்ள மெஷினில் செக்யூர் பூட்டை அணைத்து இயக்கினாலே 48 இலக்க மீட்புக் கீயைக் கேட்கக்கூடும். கை வைக்கும் முன் அது யாரிடம் இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள்.

கடைசியாக, இந்த ஸ்கிரிப்ட் எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஓடும் கெர்னல் சொல்வதைத்தான் கேட்கிறது. கெர்னலே கைப்பற்றப்பட்டிருந்தால் /சிஸ் கோப்புகள் எதையும் சொல்லலாம். டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு) உள்ள மெஷின்களில் ‘டிபிஎம்2_பிசிஆர்ரீட்’ கொடுத்து எஸ்எச்ஏ256இன் 7ஆம் பிசிஆரை (சில்லின் அளவீட்டுப் பதிவகம்) சேர்த்து எடுங்கள். செக்யூர் பூட் நிலையும் கீகளும் பூட் நேரத்தில் அதற்குள் அளக்கப்படுகின்றன. வெறுமனே வாசித்த எண்ணையும் பொய்யாக்கலாம் என்பதால், சந்தேகம் உள்ள மெஷினுக்கு டிபிஎம்2_க்வோட் மூலம் டிபிஎம்மின் கையொப்பத்தோடு பெற்று வேறொரு மெஷினில் சரிபார்க்கவேண்டும். டிபி, டிபிஎக்ஸ் (தடைசெய்தவற்றின் பட்டியல்) புதுப்பித்தாலும் பிசிஆர் 7 மாறும். ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் புதிய மதிப்பை மெஷினின் பெயரோடும் திகதியோடும் வேறொரு இடத்தில் பதிந்து வையுங்கள். அந்தப் பதிவை அதே லாப்டொப்பில் வைப்பதால் ஒரு பயனும் இல்லை.